டிசிபியின் வாக்குறுதியும் அதன் எல்லையும்

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் புறப்படும் தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்துதான் போகிறது. வழியில் சில தொலைந்துபோகும். சில முந்தும், சில பிந்தும். ஒன்றே இரண்டாக வந்து சேர்வதும் உண்டு. உள்ளிருக்கும் பிட்டுகள் மாறிப்போவதும் உண்டு. இணையத்தின் அடிப்படை நெறிமுறையான ஐபி இவை எதற்கும் பொறுப்பேற்பதில்லை. முடிந்தவரை கொண்டுபோகும், அவ்வளவே. இந்த உறுதியற்ற தரையின்மேல் நின்றுகொண்டு, எழுதிய பைட்டுகள் எழுதிய வரிசையிலேயே, விடுபடாமல், இரட்டிக்காமல் மறுமுனைக்குப் போகும் என்று வாக்குக் கொடுப்பது டிசிபி. மின்னஞ்சலும் வலைப்பக்கங்களும் வங்கிக் கணக்குகளும் பல ஆண்டுகளாக இந்த வாக்கை நம்பியே இயங்கிவருகின்றன.

இப்போது அதற்கு மாற்றாக க்விக் என்ற நெறிமுறை வந்திருக்கிறது. 2021 மே மாதத்தில் அது ஆர்எஃப்சி 9000 என்ற ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே அதன்மேல் இயங்கும் எச்டிடிபி/3 தரமும் வந்தது. டிசிபியின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இத்தனை காலம் உழைத்ததை ஏன் மாற்ற வேண்டும் என்று மறுதரப்பு கேட்கிறது. இரண்டுமே விசாரிக்காமல் சொல்லப்படும் தீர்ப்புகள். நான்கு கேள்விகளை வைத்து இதை எடைபோட வேண்டும். கொடுத்த வாக்கு எந்த அளவுக்கு உண்மை? பாதையைப் பகிர்ந்துகொள்ளும் பிறரிடம் அது நியாயமாக நடக்கிறதா? நம்பகத்துக்காக அது கேட்கும் காலதாமதம் தகுமா? காலத்துக்கேற்ப அதனால் மாற முடிகிறதா?

பொறுப்பு யாருடையது

டிசிபியை மதிப்பிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது, அது பொறுப்பை எங்கே வைத்தது என்பதை. முன்னோடி வலையமைப்பான ஆர்பாநெட்டில், பாக்கெட்டுகளைச் சரியாகச் சேர்க்கும் கடமை வலையமைப்புக்கே உரியதாக இருந்தது. இணைக்கப்பட்ட கணினிகள் பயன்படுத்திய என்சிபி என்ற நெறிமுறை, வலையமைப்பு எதையும் தொலைக்காது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. வானொலி அலைகளிலும் செயற்கைக்கோள் வழியிலும் பாக்கெட்டுகளை அனுப்ப முயன்றபோது அந்த நம்பிக்கை செல்லாமல் போனது. அங்கே இழப்பு என்பது அன்றாட நடப்பு. பிரான்சில் லூயி பூசான் தலைமையில் உருவான சிக்லாட்ஸ் வலையமைப்பு வேறு வழியைக் காட்டியிருந்தது: வலையமைப்பு எளிமையாக இருக்கட்டும், சரிபார்க்கும் வேலையை இரு முனைகளிலும் உள்ள கணினிகள் பார்த்துக்கொள்ளட்டும். 1974 மே மாதத்தில் விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் வெளியிட்ட கட்டுரை இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டமாக வளர்த்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது.

இந்த முடிவு சரியா? வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் தன் பங்கை உறுதிசெய்தால் மொத்தப் பாதையும் உறுதியாகிவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது ஏன் தவறு என்பதை 1984-இல் சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் எழுதிய முனைக்கு முனை வாதம் பற்றிய கட்டுரை காட்டியது. எம்ஐடியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். அங்கிருந்த வலையமைப்பில் ஒவ்வொரு இணைப்பிலும் பாக்கெட் சரிபார்க்கப்பட்டது. அதை நம்பி, நிரல் எழுதியவர்கள் முனையில் தனியாகச் சரிபார்க்கவில்லை. இடையில் நின்ற ஒரு கேட்வே கணினியோ, பாக்கெட்டைத் தன் நினைவகத்துக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை பக்கத்துப் பக்கத்து பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. அது நேர்ந்தது இணைப்பில் இல்லை, கணினிக்கு உள்ளே. அதனால் எந்தச் சோதனையிலும் அது சிக்கவில்லை. ஓர் இயக்க முறைமையின் மூல நிரல்கள் அந்த வழியாகப் பலமுறை போய்வந்து பழுதாயின. பழைய அச்சுப் பிரதிகளோடு ஒப்பிட்டு, கையாலேயே திருத்த வேண்டியதாயிற்று.

ஆக, இடைவழியில் செய்யும் எந்தச் சோதனையும் முனையில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஈடாகாது. வைஃபை தன் அளவில் தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்புகிறதே என்று கேட்கலாம். அது வேகத்துக்காகச் செய்யும் உதவி. அதைக் கொண்டு முனையின் பொறுப்பைத் தள்ளிவிட முடியாது. பொறுப்பை முனைகளில் வைத்தது டிசிபியின் அசைக்க முடியாத பலம். வழியில் செம்புக் கம்பி இருந்தாலும் ஒளியிழை இருந்தாலும் 5ஜி இருந்தாலும் அது மாறாமல் இயங்குவது இதனால்தான்.

வாக்கு எவ்வளவு உண்மை

டிசிபி வாக்கைக் காப்பாற்றும் வழி எளியது. அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. எந்த எண் வரை தடையில்லாமல் வந்தது என்று பெறுபவர் ஒப்புகை அனுப்புகிறார். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் அதே தரவை மறுபடி அனுப்புகிறார். இரட்டித்து வந்ததை வரிசை எண் காட்டிக்கொடுக்கும். முந்தி வந்தது, தனக்கு முன்னால் வர வேண்டியது வரும்வரை காத்திருக்கும். இழப்பு, இரட்டிப்பு, வரிசைக் குலைவு ஆகிய மூன்றையும் இந்த ஏற்பாடு ஏறக்குறையக் குறையின்றிச் சமாளிக்கிறது.

நான்காவது ஆபத்தான உருமாற்றத்தில்தான் அது சறுக்குகிறது. டிசிபியின் செக்சம் வெறும் 16 பிட் கொண்டது. தரவை 16 பிட் துண்டுகளாக்கிக் கூட்டிவைத்த தொகை. மளிகைச் சீட்டில் இரண்டு சாமான்களின் விலையை மாற்றி எழுதினாலும் மொத்தத் தொகை மாறாது. அதுபோலவே இரண்டு துண்டுகள் இடம் மாறினாலும் செக்சம் மாறாது. 2000-ஆம் ஆண்டில் ஜோனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் உண்மையான வலையமைப்புகளில் சேகரித்த பாக்கெட்டுகளை ஆராய்ந்தார்கள். 1.6 கோடி பாக்கெட்டுக்கு ஒன்று முதல் 1,000 கோடி பாக்கெட்டுக்கு ஒன்று வரை, பழுதுபட்டும் செக்சத்திடம் பிடிபடாமல் தப்பலாம் என்று மதிப்பிட்டார்கள். தனி ஒருவருக்கு இது அற்பம். நாள் முழுவதும் தரவைப் படியெடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு சேமிப்பகத்துக்கு அப்படியல்ல.

இதைவிடப் பெரிய விஷயம், ஒப்புகையின் பொருளைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வது. ஒப்புகை வந்தால், மறுமுனைக் கணினியின் இயக்க முறைமை அந்த பைட்டுகளை வாங்கிவைத்தது என்று அர்த்தம். அங்குள்ள செயலி அதைப் படித்தது என்றோ, தரவுத்தளத்தில் பதிந்தது என்றோ அர்த்தமில்லை. 1981-இல் ஜான் போஸ்டல் தொகுத்த டிசிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 793 இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பணப் பரிமாற்றச் செயலி ஒன்று கோரிக்கையை அனுப்புகிறது. சர்வர் கணக்கில் கழித்தும்விடுகிறது. பதில் வந்து சேர்வதற்குள் இணைப்பு அறுந்துபோகிறது. பணம் போனதா இல்லையா என்று டிசிபியிடம் கேட்டுப் பயனில்லை, அதற்கு அது தெரியாது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் இரண்டாம் முறை கழிக்காமல் விடும் ஏற்பாட்டைச் செயலிதான் செய்தாக வேண்டும். தொலையக்கூடிய செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு இரு தரப்பும் ஒரே முடிவில் முழு உறுதியோடு சேர முடியாது என்பது 1970-களிலேயே நிறுவப்பட்ட உண்மை. கடைசியாகப் போன ஒப்புகை சேர்ந்ததா என்ற ஐயம் எப்போதும் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. டிசிபி கொடுப்பது எல்லைகளில்லாத பைட் ஓட்டம். அனுப்புபவர் இரண்டு முறையாக எழுதியது பெறுபவரிடம் ஒரே துண்டாக வரலாம், ஐந்து துண்டுகளாகவும் வரலாம். ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை நிரலாளர்தான் குறிக்க வேண்டும். அலுவலகக் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் வெளியூர் இணைப்பில் உடைவதற்கு இந்தப் புரிதல் இல்லாதது அடிக்கடி காணும் ஒரு காரணம். ஆகவே முதல் கேள்விக்கு விடை: வாக்கு உண்மையானது, ஆனால் பயனர்கள் நம்பும் அளவுக்கு அகலமானதல்ல. குறை நெறிமுறையில் பாதி என்றால், அதன் ஆவணத்தைப் படிக்காமல் நம்பியவர்களிடம் பாதி.

பாதையைப் பகிர்வோருக்கு நியாயம்

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பு படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. எந்தக் கருவியும் கெட்டுப்போகவில்லை. டிசிபி தன் கடமையைச் செய்ததே இதற்குக் காரணம். நெரிசலால் பாக்கெட் தாமதமானதும் ஒவ்வொரு கணினியும் அது தொலைந்துவிட்டதாக எண்ணி மறுபடி அனுப்பியது. அதனால் நெரிசல் கூடியது. கூடிய நெரிசலால் இன்னும் அதிகமாக மறுபடி அனுப்பியது. தன் இணையரிடம் நேர்மையாக நடந்த ஒவ்வொருவரும் சேர்ந்து பொதுப்பாதையை அடைத்துவிட்டார்கள். இப்படி நடக்கும் என்று ஜான் நேகிள் 1984-லேயே எழுதி எச்சரித்திருந்தார்.

வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வுதான் இன்றைய இணையத்தைக் காத்தது. பழைய பாக்கெட் ஒன்று வலையமைப்பை விட்டு வெளியேறினால்தான் புதிய ஒன்றை உள்ளே விட வேண்டும் என்பது அதன் அடிப்படை. தொடக்கத்தில் கொஞ்சமாக அனுப்பு. ஒப்புகை வர வர வேகத்தைக் கூட்டு. இழப்பு தெரிந்ததும் சட்டென்று பாதியாகக் குறைத்துக்கொள். பிறகு மெல்ல மெல்ல ஏறு. போய்வரும் நேரத்தின் சராசரியோடு நில்லாமல் அதன் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மறு அனுப்பலுக்கான நேரத்தை வை. இதைச் செயல்படுத்த எந்த ரூட்டரையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத கோடிக்கணக்கான கணினிகள், யாரும் கட்டளையிடாமல், தாமாகவே ஒதுங்கி வழிவிடக் கற்றுக்கொண்டன.

டிசிபியின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுவது இதைத்தான். தொலைந்ததை மறுபடி அனுப்பும் கலை அதற்கு முன்பே பலருக்குத் தெரியும். முன்பின் தெரியாத மூன்றாமவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பண்பை ஒரு நெறிமுறைக்குள் வைத்தது புதிது. ஆர்எஃப்சி 793 வெளிவந்தபோது அதில் இது இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பேரிடர் நிகழ்ந்த பிறகு சேர்க்கப்பட்ட பகுதியே அதன் உயிர்நாடி ஆனது.

இதிலும் குறை உண்டு. இழப்பு என்றாலே நெரிசல் என்று ஜேக்கப்சனின் முறை எடுத்துக்கொள்கிறது. வானொலி இணைப்பில் அலைக் குறுக்கீட்டால் பாக்கெட் தொலைந்தாலும் அது வீணாக வேகத்தைக் குறைக்கும். மாறாக, ரூட்டர்களில் அளவுக்கு மீறிய நினைவகம் இருந்தால், அது நிரம்பி வழியும்வரை இழப்பே தெரியாது. அதுவரை எல்லோருடைய பாக்கெட்டும் நீண்ட வரிசையில் காத்திருக்கும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் இந்தச் சிக்கலைப் பலரும் அறியச் செய்தார். 2016-இல் கூகிளின் பிபிஆர் என்ற முறை, இழப்பை விட்டுவிட்டு, பாதையின் கொள்ளளவையும் தாமதத்தையும் அளந்து வேகத்தை முடிவுசெய்யும் வழியை முன்வைத்தது. அதை உருவாக்கியவர்களில் ஜேக்கப்சனும் ஒருவர்.

தாமதமும் இறுக்கமும்

மூன்றாவது கேள்வியில் டிசிபி தடுமாறுகிறது. நம்பகத்தையும் வரிசையையும் அது பிரிக்க முடியாதபடி கட்டிவிட்டது. ஒரு பாக்கெட் தொலைந்தால், அதன்பின் வந்தவை அனைத்தும் பத்திரமாகக் கைக்கு வந்திருந்தாலும் செயலிக்குக் கிடைக்காது. கோப்பைப் படியெடுக்கும்போது இது சரி. ஒரு வலைப்பக்கத்தின் படம், எழுத்துரு, நிரல் ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒரே இணைப்பில் வரும்போது இது தேவையற்ற தண்டனை. 2015-இல் வந்த எச்டிடிபி/2 பல ஓட்டங்களை ஒரே டிசிபி இணைப்பில் கலந்து அனுப்பியது. தொலைந்தது படத்தின் துண்டு என்றால் நிரலும் சேர்ந்து காத்து நின்றது. பேச்சை அனுப்புவோர் இந்த இடரை வெகு முன்பே கண்டுகொண்டார்கள். 1978-இல் டிசிபியிலிருந்து ஐபியைத் தனியாகப் பிரித்ததற்கும், வரிசையோ மறு அனுப்பலோ இல்லாமல் பாக்கெட்டுகளை அப்படியே அனுப்பும் யூடிபி 1980-இல் பிறந்ததற்கும், பிந்தி வந்த ஒலியால் பயனில்லை என்ற அவர்களுடைய வாதம் ஒரு முக்கியக் காரணம்.

இணைப்பைத் தொடங்கவும் நேரம் பிடிக்கிறது. டிசிபியின் கைகுலுக்கலுக்கு ஒரு போய்வரும் நேரம். அதன்மேல் பழைய டிஎல்எஸ் 1.2 மறையாக்கத்துக்கு இன்னும் இரண்டு. போய்வர 150 மில்லிநொடி ஆகும் பாதையில், முதல் கோரிக்கை புறப்படுவதற்கு முன்பே 450 மில்லிநொடி கரைந்துவிடும்.

நான்காவது கேள்வியில்தான் டிசிபிக்கு மிகக் கடுமையான மதிப்பெண் கிடைக்கிறது. தொடக்கத்தில் அதன் விண்டோவின், அதாவது ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய தரவின், உச்சம் 65,535 பைட். போய்வர 100 மில்லிநொடி ஆகும் பாதையில், இணைப்பு எவ்வளவு அகலமானதாக இருந்தாலும், நொடிக்கு சுமார் 52 லட்சம் பிட்டுக்கு மேல் போக முடியாது. 1992-இல் விண்டோவைப் பெருக்கும் வழியைச் சேர்த்து இதைத் தீர்த்தார்கள். ஆனால் அப்படிச் சேர்ப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாயிற்று. டிசிபியின் ஹெட்டர் மறையாக்கம் இல்லாமல் திறந்து கிடக்கிறது. இடையில் நிற்கும் ஃபயர்வால்களும் முகவரி மாற்றிகளும் அதைப் படித்து, தங்களுக்குப் பழக்கமில்லாத குறிப்புகளை நீக்கவும் பாக்கெட்டையே தடுக்கவும் தொடங்கின. 2000-இல் வந்த எஸ்சிடிபி என்ற நல்ல மாற்று, பொது இணையத்தில் இந்தத் தடைகளைத் தாண்ட முடியாமல் தொலைபேசி வலையமைப்புகளுக்குள் பெரும்பாலும் ஒதுங்கியது. 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம், பிட்டோரன்ட் பயனர்களின் டிசிபி இணைப்புகளுக்குள் போலியான முறிப்புப் பாக்கெட்டுகளைச் செலுத்தியது வெளியே வந்தது. மறுமுனை அனுப்பியதாக நம்பி இரு கணினிகளும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டன. முனைகளில் பொறுப்பை வைத்த நெறிமுறை, தன் ஹெட்டரைப் பாதுகாக்காததால், இடைவழியில் உள்ளவர்களின் கைக்குப் போனது. அதன் தத்துவத்துக்கும் வடிவத்துக்கும் இடையே உள்ள முரண் இதுதான்.

க்விக் எதைச் சரிசெய்கிறது

க்விக் இந்த முரணைக் குறிவைத்தே உருவானது. 2012 வாக்கில் கூகிளில் ஜிம் ராஸ்கிண்ட் வடிவமைத்தது. பிறகு ஜனார்தன் ஐயங்கார், மார்ட்டின் தாம்சன் இருவரும் தொகுப்பாசிரியர்களாக இருந்து தரமாக்கினார்கள். அது யூடிபியின்மேல் பயணிக்கிறது. பாக்கெட்டின் பெரும்பகுதி ஹெட்டரையும் சேர்த்து மறையாக்கத்துக்குள் போகிறது. ஆகவே இடைவழியில் நிற்பவர் அதில் கைவைக்க முடியாது. ஓட்டங்கள் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஒன்றில் இழப்பு நேர்ந்தால் அது மட்டுமே காத்திருக்கும். கைகுலுக்கலும் மறையாக்கமும் ஒரே போய்வரும் நேரத்தில் முடிகின்றன. மறுபடி அனுப்பும் தரவுக்குப் புதிய பாக்கெட் எண் கிடைப்பதால், வந்த ஒப்புகை முதல் அனுப்பலுக்கா மறு அனுப்பலுக்கா என்ற பழைய குழப்பமும் இல்லை. இணைப்புக்குத் தனி அடையாள எண் இருப்பதால், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுவதில்லை.

பலன் எவ்வளவு? கூகிள் 2017-இல் வெளியிட்ட தன் அளவீட்டில், தேடல் முடிவுகளின் தாமதம் மேசைக் கணினிகளில் 8 சதவீதமும் மொபைல்களில் 3.6 சதவீதமும் குறைந்தது. யூடியூப் காணொளி நின்று நின்று ஓடுவது மேசைக் கணினிகளில் 18 சதவீதமும் மொபைல்களில் 15.3 சதவீதமும் குறைந்தது. முன்னேற்றம் உண்மையானதுதான், ஆனால் புரட்சி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அளந்தவர் அதை உருவாக்கியவரே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். செலவும் இருக்கிறது. அதே அறிக்கையின்படி, தொடக்கத்தில் க்விக் சர்வருக்கு டிசிபியைவிடச் சுமார் மூன்றரை மடங்கு கணக்கிடும் உழைப்பு தேவைப்பட்டது. மெருகேற்றிய பிறகும் ஏறக்குறைய இரு மடங்கு. சில வலையமைப்புகள் யூடிபியைத் தடுப்பதால், பிரவுசர்கள் இன்னும் டிசிபியைத் துணைக்கு வைத்திருக்கின்றன.

எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. டிசிபி இயக்க முறைமையின் கெர்னலுக்குள் இருக்கிறது. அதை எழுதுபவர்கள் சிலரே. மாற்றங்கள் மெதுவாக, பலர் பார்க்கும்படி வருகின்றன. க்விக்கோ செயலியோடு வருகிறது. பிரவுசரையும் சர்வரையும் ஒருசேர வைத்திருக்கும் நிறுவனம் தன் நெரிசல் கட்டுப்பாட்டை ஒரே இரவில் மாற்றிவிடலாம். விரைவாகத் திருந்துவதற்கான அந்தச் சுதந்திரத்திலேயே, பாதையில் பிறருடைய பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் சுதந்திரமும் அடங்கியிருக்கிறது. ஆர்எஃப்சி 9002 நல்லதொரு நெரிசல் கட்டுப்பாட்டை வகுத்துக் காட்டுகிறது. அதைக் கட்டாயமாக்கும் கை எதுவும் வலையமைப்பில் இல்லை. டிசிபிக்கும் அப்படியொரு கை இருந்ததில்லை. மாற்றங்களின் மெதுவான போக்கு ஒரு காவலாக இருந்தது. க்விக் அந்தக் காவலை நீக்கிவிட்டது.

தீர்ப்பு

முதல் கேள்வியில் இரண்டும் சமம். க்விக்கின் மறையாக்கம் வழியில் நேரும் உருமாற்றத்தைப் பலவீனமான செக்சத்தைவிடப் பன்மடங்கு உறுதியாகக் கண்டுபிடிக்கும். டிஎல்எஸ் சேர்ந்த டிசிபிக்கும் இதே உறுதி உண்டு. செயலி வரை தரவு சேர்ந்ததா என்பதற்கு இரண்டிடமும் பதில் இல்லை. இரண்டாவதில் டிசிபி முன்னிற்கிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும் க்விக் தெளிவாக வெல்கிறது.

ஆகவே என் முடிவு இது. பல சிறு ஓட்டங்கள் ஒன்றாகப் பயணிக்கும் வலைத்தளங்களுக்கும், இடம் மாறிக்கொண்டே இருக்கும் மொபைல்களுக்கும் க்விக்தான் தகுந்தது; அங்கே டிசிபியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தரவுத்தளப் படிகள், காப்பு நகல்கள், தரவு மையத்துக்குள் நடக்கும் நீண்ட ஒற்றை ஓட்டங்கள் ஆகியவற்றுக்கு டிசிபியே போதும். அங்கே வரிசைக் கட்டுப்பாடு தடையாக இருப்பதில்லை, உதவியாகவே இருக்கிறது. காலாவதியானது டிசிபியின் வடிவம். முனையில் பொறுப்பு, ஒப்புகை, நெரிசல் கண்டு ஒதுங்குவது என்ற அதன் மூன்று கோட்பாடுகளும் க்விக்குக்குள் அப்படியே உயிரோடு இருக்கின்றன. அந்த வகையில் க்விக்கை டிசிபியின் திருத்திய பதிப்பு என்றே சொல்லலாம்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு கடமைகள் மாறாது. செயலி எழுதுபவர், ஒப்புகையை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், தன் வேலை மறுமுனையில் உண்மையிலேயே நடந்ததா என்று தானே உறுதிசெய்ய வேண்டும். நெறிமுறை எழுதுபவர், தன் பயனரின் வேகத்தைக் காட்டிப் பெருமை கொள்வதற்கு முன், அதே பாதையில் ஓடும் முன்பின் தெரியாதவரின் இணைப்புக்கு என்ன ஆகிறது என்பதையும் அளந்து வெளியிட வேண்டும். 1986-இல் இணையம் கற்ற பாடம் அது. புதிய நெறிமுறை எவ்வளவு வேகமாக ஓடினாலும், இந்த இரண்டாவது அளவீட்டைக் காட்டாதவரை அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க முடியாது.